சிக்னல் குறியை நம்பாமல், வேகத்தை அளந்து பக்கம் அனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் மணல் மூட்டை, படகு, ஜெனரேட்டர், முகாம் என்று மாவட்ட நிர்வாகங்கள் ஆயத்தமாகின்றன. நாளிதழ்களின் இணையப் பதிப்புகளையும் அரசுத் தளங்களையும் மக்கள் மிகவும் நம்பித் தேடிவருவதும் அந்த நாட்களில்தான். இணைப்பு மிக மோசமாக இருப்பதும் அதே நாட்களில்தான். 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரை கடந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னையை மூழ்கடித்தபோதும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களை வெள்ளம் சூழ்ந்தபோதும் பல பகுதிகளில் கைப்பேசிச் சேவை முடங்கியது. இணைப்பு முற்றிலும் அறுந்துபோன இடத்தில் இணையத்தளம் எதுவும் செய்ய முடியாது. அறுந்தும் அறாமலும் இருக்கும் இடத்தில் நிறையச் செய்யலாம். மின்சாரம் போய், டீசல் தீர்ந்து, சுற்றுவட்டாரத்தில் கோபுரங்கள் ஒவ்வொன்றாக அணையும்போது, மிச்சமிருக்கும் ஒரு கோபுரத்தின் மீது ஊர் மொத்தமும் போய் விழும். அந்த இடுக்கு வழியாக 3 மெகாபைட் பக்கம் வராது. 20 கிலோபைட் பக்கம் வந்துவிடும். வாசகரின் இணைப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று அறிந்து, அதற்கேற்ற பக்கத்தை அனுப்பும் வழிகள் பல ஆண்டுகளாகவே கையில் இருக்கின்றன. தமிழ்த் தளங்கள் அவற்றை எடுத்தாள வேண்டும் என்பதே என் கோரிக்கை.

புயல் வரை போகவும் வேண்டாம், அன்றாடக் கணக்கையே பாருங்கள். நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்று வரையறுத்த ரீசார்ஜ் திட்டங்கள் பலவற்றில், அந்த அளவு தீர்ந்ததும் வேகம் விநாடிக்கு 64 கிலோபிட்டாகக் குறைக்கப்படுகிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், இது விநாடிக்கு 8 கிலோபைட். படம், விளம்பரம், நிரல் எல்லாம் சேர்ந்து 3 மெகாபைட் தேறும் ஒரு செய்திப் பக்கம் இந்த வேகத்தில் முழுதாக வந்துசேர ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதில் எழுத்து மட்டும் எவ்வளவு? இணையத்தில் வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ‘மழை’ என்பது மகரம், ழகரம், ஐகாரக் குறி என 3 குறியீடு. அதாவது 9 பைட். 600 சொல் கொண்ட ஒரு செய்தி ஏறத்தாழ 17 கிலோபைட் வரும். பக்கத்தை அனுப்பும் கணினியான சர்வரில், எழுத்தைச் சுருக்கி அனுப்பும் ஜிஜிப் அல்லது பிராட்லி முறை இயங்கினால் அதுவும் கிட்டத்தட்ட நாலில் ஒன்றாகிவிடும். வாசகர் படிக்க வந்தது அந்த நாலைந்து கிலோபைட்டை. ஒரு விநாடியில் இறங்கக்கூடிய அதற்காக அவர் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்தபடி காத்திருக்கிறார்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த நேரத்திலும் அவர் கைப்பேசியின் மேல்மூலையில் 4ஜி என்றோ 5ஜி என்றோதான் இருக்கும். குறி காட்டுவது கோபுரத்தோடு உள்ள தொடர்பின் வகையை, வேகத்தை அல்ல. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணைத்தவருக்கு இது இன்னொரு விதமாக ஏமாற்றும். மடிக்கணினி தன்னை வைஃபையில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். ஆகவே ‘வைஃபை என்றால் பெரிய படம், மொபைல் டேட்டா என்றால் சிறிய படம்’ என்று எழுதப்படும் நிரல் தொடக்கத்திலேயே தவறு. நடந்த பரிமாற்றத்தை அளந்துதான் முடிவெடுக்க வேண்டும்.

குரோமும் அதன் அடித்தளத்தில் இயங்கும் எட்ஜ் போன்ற பிரவுசர்களும் இந்த அளவையைத் தளத்துக்குச் சொல்லவே செய்கின்றன. ‘நேவிகேட்டர்.கனெக்‌ஷன்’ என்று நிரலில் கேட்டால் கிடைக்கும் இணைப்பு விவரங்களுக்குள் ‘எஃபெக்டிவ்டைப்’ என்று ஒரு மதிப்பு இருக்கும். ஸ்லோ-2ஜி, 2ஜி, 3ஜி, 4ஜி என நான்கில் ஒன்றை அது தரும். பெயர் அப்படி இருந்தாலும் அது கோபுரத்தின் வகையைச் சொல்லவில்லை. சமீபத்திய பரிமாற்றங்கள் எந்தத் தரத்தில் நடந்தன என்ற மதிப்பீட்டையே சொல்கிறது. ஒரு கோரிக்கை போய்ப் பதில் திரும்பும் நேரம் 2000 மில்லிவிநாடியைத் தாண்டினால், அல்லது வேகம் 50 கிலோபிட்டுக்குள் என்றால் ஸ்லோ-2ஜி. 1400 மில்லிவிநாடி, 70 கிலோபிட் என்பது 2ஜிக்கான எல்லை. 270 மில்லிவிநாடி, 700 கிலோபிட் 3ஜிக்கு. அதற்கு மேல் எல்லாமே 4ஜி. டேட்டா தீர்ந்து 64 கிலோபிட்டில் ஊர்ந்துகொண்டிருப்பவர், திரையில் 5ஜி குறி இருந்தாலும், இந்த அட்டவணையில் 2ஜி வரிசைக்கு வந்துவிடுகிறார். நமக்கு வேண்டியது இதுதான். இதே மதிப்பை ‘ஈசிடி’ என்ற ஹெடராக (கோரிக்கையோடும் பதிலோடும் செல்லும் குறிப்பு வரி) சர்வருக்கே அனுப்பும்படியும் பிரவுசரிடம் கேட்கலாம். அதற்குத் தளம் எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான முகவரியில் இருக்க வேண்டும். தன் பதிலின் ‘அக்செப்ட்-சிஎச்’ ஹெடரில் அதைக் கேட்டிருக்க வேண்டும். முதல் கோரிக்கையில் அது வராது, அடுத்ததிலிருந்துதான் வரும்.

‘சேவ்-டேட்டா: ஆன்’ என்ற ஹெடர் இதைவிட மதிப்பு வாய்ந்தது என்பேன். ஆண்ட்ராய்டில் டேட்டா சேவரை இயக்கிவைத்தவரின் குரோம் அதை அனுப்புகிறது. ஈசிடி வெறும் கணிப்பு. சேவ்-டேட்டாவோ ‘என் டேட்டாவைச் சிக்கனமாகச் செலவிடு’ என்று வாசகரே தெரிவித்த விருப்பம். இணைப்பு வேகமாக இருந்தாலும் அதை மீறக் கூடாது.

இனி, இந்த அளவைகள் எங்கே காலை வாரும் என்பதையும் சொல்ல வேண்டும். ஐஃபோனின் சஃபாரியிலும் ஃபயர்பாக்ஸிலும் எஃபெக்டிவ்டைப் கிடையாது. ஒருவரை அடையாளம் கண்டு பின்தொடர இது உதவிவிடும் என்ற அந்தரங்கக் கவலை அதற்கு ஒரு காரணம். அந்தக் கவலை நியாயமானது. குரோம்கூட எண்களைத் துல்லியமாகத் தராமல், தோராயமாகத் திருத்தியே தருகிறது. அடுத்து, ‘4ஜி’ என்ற விடையை வைத்துக்கொண்டு உயர்தரக் காணொலியை அவிழ்த்துவிடக் கூடாது. 700 கிலோபிட்டைத் தாண்டியவரும் வீட்டில் ஃபைபர் வைத்திருப்பவரும் ஒரே பெயரில் அடங்குகிறார்கள். மூன்றாவது, மதிப்பீடு எப்போதும் ஓரடி பின்தங்கியே இருக்கும். பேருந்து மலைப்பாதையில் ஏறும்போது டவர் போய்விட்டது என்பது பிரவுசருக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைக்கும். மதிப்பு மாறும் ஒவ்வொரு முறையும் பக்கத்தை மாற்றி அடுக்கினால், படித்துக்கொண்டிருக்கும் வரி கண்ணுக்கு எதிரே நழுவும். பக்கம் திறக்கும்போது ஒரே ஒருமுறை முடிவெடுத்து, அந்தப் பக்கம் முடியும் வரை அதிலேயே நிற்பதுதான் முறை.

இதனால்தான் அடிப்படைப் பக்கமே இலகுவாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். தகவல் எதுவும் கிடைக்காதபோது எளிய பக்கம் போகட்டும். நல்ல இணைப்பு என்று உறுதியானால் பெரிய படமும் காணொலியும் அதன்மேல் சேரட்டும். கனமான பக்கத்தை எழுதிவைத்துவிட்டு, மெதுவான இணைப்பு என்று தெரிந்த பிறகு கழிக்கத் தொடங்கினால், கழிக்கும் நிரலே வந்துசேராமல் போகலாம். சஃபாரி வாசகர்களுக்காகத் தளமே அளக்கவும் முடியும். பக்கம் திறந்த ஒவ்வொரு கட்டத்தின் நேரத்தையும் பதியும் ‘நேவிகேஷன் டைமிங்’ எல்லா முக்கிய பிரவுசர்களிலும் உண்டு. அதில் இணைப்பு தொடங்கிய நேரத்துக்கும் முடிந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளி, டிசிபி என்ற வழக்கமான இணைப்பு முறையோடு டிஎல்எஸ் 1.3 என்ற பாதுகாப்பு முறை இயங்கும் தளத்தில் இரண்டு போக்குவரத்துக்கு, அதாவது செய்தி இருமுறை போய்த் திரும்ப, ஆன நேரம். பாதியாக்கினால் ஒரு போக்குவரத்தின் கால அளவு கிடைக்கும். விடை பூஜ்யம் என்று வந்தால் அதிவேகம் என்று பொருள் கொள்ளக் கூடாது. ஏற்கெனவே திறந்திருந்த இணைப்பே மறுபடி பயன்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்தின் உச்சியில் ‘எளிய பக்கம்’, ‘முழுப் பக்கம்’ என்று இரண்டு சுட்டிகள் இருக்கட்டும். வாசகர் தேர்ந்தெடுத்ததை ஒரு குக்கியில் வைத்துக்கொண்டு, எந்த அளவை என்ன சொன்னாலும் அதற்கே முதலிடம் தர வேண்டும்.

சர்வர் பக்கம் அடிக்கடி நேரும் ஒரு கோளாறு கேஷில், அதாவது ஒருமுறை அனுப்பிய பக்கத்தை மறுபடி கொடுக்க எடுத்துவைக்கும் சேமிப்பில், இருக்கிறது. ஒரே முகவரியில் எளிய பக்கமும் முழுப் பக்கமும் போகும்போது, எதைப் பொறுத்துப் பக்கம் மாறும் என்று பதிலில் சொல்லும் ‘வேரி’ ஹெடரில் சேவ்-டேட்டா, ஈசிடி இரண்டையும் குறிப்பிட வேண்டும். விட்டுவிட்டால் நடுவில் இருந்து பக்கங்களின் நகல்களை வழங்கும் சர்வர் வலையான சிடிஎன், முதலில் வந்தவருக்குப் போன பக்கத்தையே எல்லோருக்கும் கொடுக்கும். ஃபைபர்காரருக்குப் படமில்லாப் பக்கமும், வெள்ளத்தில் இருப்பவருக்கு 3 மெகாபைட்டும் போய்ச் சேரும். அதே ‘வேரி’யில் போக்குவரத்து நேரத்தையும் வேக எண்ணையும் சேர்த்துவிடவும் கூடாது. அவை ஆளுக்கு ஆள் மாறும். ஒரே பக்கம் நூற்றுக்கணக்கான துண்டுகளாகக் கேஷில் சிதறும். கடைசியில் எல்லாக் கோரிக்கையும் மூல சர்வரின் தலையில் வந்து விழும். எளிய பக்கத்துக்கென்று தனி முகவரி வைப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆறே மாதத்தில் அதைப் புதுப்பிக்க ஆளில்லாமல் போகும். செய்தியும் தொலைபேசி எண்களும் இரண்டிலும் ஒன்றே. குறைவது அலங்காரம் மட்டும்.

எளிய பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்? புதிதாகத் திறந்த இணைப்பில் சர்வர் முதல் தவணையாக அனுப்பக்கூடியது வழக்கமாகப் பத்துப் பொட்டலங்கள் (தரவு துண்டு துண்டாகப் போகும் பாக்கெட்டுகள்), ஏறத்தாழ 14 கிலோபைட். தலைப்பு, நேரம், முதல் பத்திகள், அவற்றின் தோற்றத்துக்கான சிறு சிஎஸ்எஸ் விதிகள் எல்லாம் சுருக்கிய நிலையில் அதற்குள் அடங்கிவிட்டால், அடுத்த தவணைக்குக் காத்திராமல் படிக்கத் தொடங்கலாம். எழுத்துரு விஷயத்தில் தமிழ்த் தளங்கள் தேவையில்லாமல் சுமக்கின்றன. ஆண்ட்ராய்டு, ஐஃபோன், விண்டோஸ் எல்லாவற்றிலும் தமிழ் எழுத்துரு உள்ளேயே வருகிறது. மெதுவான இணைப்பில் அதுவே போதும். தனி எழுத்துருவைச் சாதாரணம், தடித்தது என்று இரண்டாக இறக்கி அது 100 கிலோபைட் ஆனால், 64 கிலோபிட்டில் பன்னிரண்டு விநாடி. அது வரும்வரை முதல் சில விநாடிகள் சில பிரவுசர்கள் எழுத்தையே காட்டாமல் வெற்றிடமாக வைத்திருக்கும். வைத்தே தீர வேண்டும் என்றால் ‘ஃபான்ட்-டிஸ்ப்ளே: ஆப்ஷனல்’ என்று எழுதிவிடுங்கள், உடனே கிடைக்காவிட்டால் கைப்பேசியின் எழுத்துருவே நின்றுவிடும்.

படங்களுக்கு, ஒரே படத்தைப் பல அளவுகளில் தர உதவும் ‘எஸ்ஆர்சிசெட்’ வழியாக அளவுகள் கொடுத்து, 480 பிக்சல் அகலத்தில், குறைந்த இடம் பிடிக்கும் வெப்பி வடிவத்தை முதலில் வையுங்கள். 200 கிலோபைட் ஜேபெக் படம் 25 விநாடி எடுக்கும் இடத்தில் 30 கிலோபைட் படம் நாலு விநாடிக்குள் வந்துவிடும். அகல, உயர எண்களை எழுதாமல் விட்டால் படம் வந்து சேரும்போது பத்தி கீழே குதிக்கும். காணொலி, தொடும்வரை இறங்கவே கூடாது. யூடியூப் காணொலியை அப்படியே பதித்துவைத்தால், ஓடாமல் இருக்கும்போதே அரை மெகாபைட் அளவுக்கு நிரல் இறங்கும். ஒரு சிறு படத்தையும் ஓட்டும் பொத்தானையும் வைத்து, தொட்ட பிறகு அதைக் கொண்டுவருவதே சரி.

விளம்பரமும் பார்வையாளரை எண்ணும் கருவிகளும் அளவால் மட்டும் தடையாவதில்லை. ஒவ்வொரு புதிய டொமைனுக்கும் (தள முகவரிக்கும்) பெயர் தேட ஒரு போக்குவரத்து, இணைப்புக்கு ஒன்று, பாதுகாப்புக்கு ஒன்று, கோரிக்கைக்கு ஒன்று என நான்கு வேண்டும். போக்குவரத்து 600 மில்லிவிநாடி ஆகும் இணைப்பில், முதல் பைட் வருவதற்கே 2.4 விநாடி போய்விடும். இப்படிப் பத்துப் பதினைந்து டொமைன்கள் ஒரே குறுகிய வழியில் முண்டும்போது செய்தி பின்னால் நிற்கிறது. விளம்பரம் நாளிதழுக்கு வருமானம் என்பதை அறிவேன். எளிய பக்கத்தில் சொந்த சர்வரிலிருந்து வரும் ஒற்றைப் பட விளம்பரம் ஒன்று போதும். விளம்பரதாரருக்கும் அது பார்க்கப்பட்ட விளம்பரமாக இருக்கும்.

தமிழுக்கே உரிய ஒரு பெரும் சுமை ஸ்கேன் செய்த அறிவிப்பு. பள்ளி விடுமுறை, அணை திறப்பு, முகாம் பட்டியல் எல்லாம் கையொப்பமிட்ட தாளைப் படமெடுத்து, பிடிஎஃப் ஆக்கி ஏற்றப்படுகின்றன. 1 மெகாபைட் பிடிஎஃப் 64 கிலோபிட்டில் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதையே எழுத்தாகத் தட்டச்சு செய்தால் 3 கிலோபைட். தேடலாம், நகலெடுத்து அனுப்பலாம், பார்வையற்றோருக்குத் திரைவாசிப்பான் படித்துக் காட்டும். கையொப்பம் வேண்டுமென்றால் பிடிஎஃப் கீழே இணைப்பாக இருக்கட்டும். இதற்குத் தொழில்நுட்பமே தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.

விண்ணப்பப் படிவங்களில் பாதிப்பு இன்னும் கடுமையானது. ஓடிபி வந்துவிடும், அதை இடவேண்டிய பக்கம் வராது. வரும்போது ஓடிபி காலாவதியாகியிருக்கும். மெதுவான இணைப்புக்கு அந்தக் கால அளவை நீட்டித் தர வேண்டும். நிரப்பியதைப் பக்கம் பக்கமாகக் கைப்பேசியிலேயே சேமிக்க வேண்டும். இணைப்பு அறுந்தால் முதலிலிருந்து தொடங்கும் நிலை கூடாது. பொது உபயோகக் கைப்பேசி, மையத்துக் கணினி என்றால், சமர்ப்பித்ததும் அந்தச் சேமிப்பை அழித்துவிட வேண்டும். கேமராவில் எடுத்த 4 மெகாபைட் சான்றிதழ்ப் படத்தை அப்படியே ஏற்றச் சொன்னால் 64 கிலோபிட்டில் எட்டு நிமிடம் தாண்டும். பிரவுசருக்குள்ளேயே 1200 பிக்சலுக்குச் சுருக்கி 200 கிலோபைட்டாக்கினால் 25 விநாடி; எழுத்துகள் தெளிவாகவே இருக்கும். கட்டணம் செலுத்தும் இடத்தில், ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் மாறாத ஓர் அடையாள எண்ணைப் படிவத்தோடு அனுப்பி, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் பழைய பதிலையே திருப்பித் தர வேண்டும். இது இல்லாததால்தான் பதில் வராமல் பொத்தானை மீண்டும் அழுத்தியவருக்குப் பணம் இரண்டு முறை போகிறது.

புயல் நேரத்துக்கு மட்டும் இரண்டு சொல்ல வேண்டும். நெரிசலில் பொட்டலங்கள் வழியில் தொலையும். பக்கங்களை அனுப்பும் முறைகளில் ஒன்றான எச்டிடிபி/2 எல்லாவற்றையும் ஒரே டிசிபி இணைப்பில் அனுப்புவதால், ஒன்று தொலைந்தாலும் பின்னால் வருபவை அனைத்தும் நிற்கும். டிசிபிக்கு மாற்றாக யுடிபி வழியே செல்லும் க்விக் மீது இயங்கும் எச்டிடிபி/3 இந்தத் தடையைத் தளர்த்துகிறது; பெரும்பாலான சிடிஎன்களில் அது ஓர் அமைப்பை இயக்கும் வேலைதான். சில நெட்வொர்க்குகள் யுடிபியைத் தடுப்பதால் பழைய வழியும் திறந்தே இருக்க வேண்டும். இன்னொன்று, பிரவுசரின் பின்னணியில் இயங்கும் சர்வீஸ் வொர்க்கர் என்ற நிரலை வைத்து, மூன்று விநாடிக்குள் பதில் வராவிட்டால் சேமித்த பக்கத்தைக் காட்டலாம். ஆனால் சேமித்த எச்சரிக்கையைப் புதியது போலக் காட்டுவது ஆபத்து. ‘இது நேற்று மாலை 5.40 நிலவரம், புதிய தகவல் இன்னும் வரவில்லை’ என்று பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் 2017 செப்டம்பரில் இர்மா சூறாவளி நெருங்கியபோது சிஎன்என் வெறும் எழுத்தாலான பக்கத்தைத் திறந்தது. பொது வானொலியான என்பிஆரும் தன் எழுத்துப் பக்கத்துக்கு மக்களை அனுப்பியது. பெரிய நிறுவனங்கள் சில இதற்கு எதிர்த்திசையில் போகின்றன. பக்கங்களை மெலியவைத்துத் தந்த குரோமின் லைட் மோட் 2022இல் நிறுத்தப்பட்டது, ஜிமெயிலின் எளிய எச்டிஎம்எல் தோற்றம் 2024இல் போய்விட்டது. பிரவுசர் நமக்காகப் பக்கத்தை மெலியவைத்துக் கொடுக்கும் என்று இனிக் காத்திருக்க முடியாது.

சோதிப்பது கடினமல்ல. குரோமின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியில் புதிய வரையறை ஒன்றை உருவாக்கி, இறக்கம் 64, ஏற்றம் 64 கிலோபிட், தாமதம் 600 மில்லிவிநாடி என்று இடலாம். ஆனால் அது இணையப் பக்கங்களுக்குப் பொட்டல இழப்பைக் காட்டாது. லினக்ஸில், இணைப்பைச் செயற்கையாகக் கெடுத்துப் பார்க்க உதவும் நெட்எம் கொண்டு 300 மில்லிவிநாடி தாமதம், 3 சதவீத இழப்பு வைத்துப் பார்த்தால் உண்மை தெரியும். இதைவிட நல்ல சோதனை, அன்றைய டேட்டா தீர்ந்த சிம் போட்ட விலை குறைந்த கைப்பேசி. அலுவலக வைஃபையில் மட்டும் பார்த்துவிட்டு எந்தத் தளத்துக்கும் ஒப்புதல் தரக் கூடாது.

தங்கள் நாளிதழின் இணையக் குழு இந்த மழைக்காலத்துக்குள் முகப்பு, மாவட்டச் செய்தி, வானிலை ஆகிய மூன்று பக்கங்களுக்காவது இதைச் செய்யத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அரசுத் துறைகளுக்கான இணையத்தள ஒப்பந்தப்புள்ளிகளில் இப்படி ஒரு நிபந்தனை வரவேண்டும்: எளிய பக்கம் மொத்தம் 60 கிலோபைட்டுக்கு மிகக் கூடாது, 64 கிலோபிட் வேகத்தில், 600 மில்லிவிநாடித் தாமதத்தில், முதல் பத்தி 5 விநாடிக்குள் படிக்கக் கிடைக்க வேண்டும். இது நடக்காத கணக்கல்ல. இணைப்பு உருவாகி முதல் பைட் வர 2.4 விநாடி, முதல் 14 கிலோபைட்டுக்கு 1.8 விநாடி, மொத்தம் 4.2 விநாடி. இந்த நிபந்தனையை நிறைவேற்றிய பிறகே இறுதித் தொகை விடுவிக்கப்பட வேண்டும்.

இப்படிக்கு,
இணையத்தளப் பொறியாளர் ஒருவர்,
நாகப்பட்டினம்.